இயன்முறை மருத்துவரின் மொழி

2025 செப்டம்பர் 9 அன்று ஒன்றிய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககத்திலிருந்து ஒரு கடிதம் வெளிவந்தது. இயன்முறை மருத்துவர்கள் தம் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இட்டுக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். மறுநாளே அக்கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அதையொட்டிச் சமூக ஊடகங்களில் மூண்ட சண்டை மட்டும் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. தமிழில் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ‘இயன்முறை மருத்துவர்’ என்ற தொடருக்குள்ளேயே மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு வழக்கில் எப்படியும் எல்லோருக்கும் அவர் ‘பிசியோ’ தான்.

பெயருக்கு முன் வரும் ஒரு சொல்லுக்காக இத்தனை வாதம் நடந்தது. அதே மருத்துவர் நாள் முழுவதும் நோயாளியிடம் பேசும் சொற்களைப் பற்றி ஒரு வாதமும் நடந்ததாகத் தெரியவில்லை. மருத்துவத் துறையினர் கேட்காத இந்தக் கேள்வியை மொழியியல் துறையினராவது கேட்டிருக்க வேண்டும்.

இயன்முறை மருத்துவம் மற்ற மருத்துவங்களிலிருந்து ஒரு விதத்தில் வேறுபட்டது. அறுவை மருத்துவர் தம் வேலையை மேசையிலேயே முடித்துவிடுகிறார். மாத்திரை எழுதித் தருபவரின் வேலையை மாத்திரை செய்கிறது. இயன்முறை மருத்துவரோ முழங்கால் மாற்று அறுவை முடிந்த ஒருவரை வாரத்துக்கு மூன்று முறை, அரை அரை மணி நேரம் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் அவருடையது. மடக்கி நீட்டும் பயிற்சி, நடை, படியேற்றம் எல்லாம் மீதி நேரத்தில், வீட்டில் நடந்தாக வேண்டும். மின் கருவியும் மெழுகுத் தொட்டியும் மருத்துவமனையிலேயே இருந்துவிடுகின்றன. மருத்துவரின் கைகளும் அங்கேயே இருக்கின்றன. நோயாளியுடன் வீடு வரை போவது அவர் சொன்ன சொற்கள்தாம். ஆகவே நோயாளிக் கல்வி என்பது இத்துறைக்குப் பக்கவாட்டில் ஒட்டவைத்த கூடுதல் பணி என்று கருதுவது தவறு. சிகிச்சையின் பெரும்பகுதி அந்தச் சொற்களை நம்பியே நிற்கிறது.

அந்தச் சொற்களை அவர் எங்கே கற்கிறார்? இந்தியாவில் இத்துறைக்கான முதல் கல்விக்கூடம் 1953இல் மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. இளம்பிள்ளை வாதத்தின் காலம் அது. அன்று முதல் இன்று வரை கல்வி ஆங்கிலத்தில். உடற்கூறு, இயங்கியல், நோய்க்குறி எல்லாம் ஆங்கிலத்தில். தேர்வும் ஆங்கிலத்தில். நோயாளியிடம் பேசும் மொழியை மட்டும் மாணவர் உள்ளிருப்புப் பயிற்சிக் காலத்தில் மூத்தவர்களைப் பார்த்து, காதில் விழுந்ததைக் கொண்டு, தாமே உண்டாக்கிக்கொள்கிறார்.

மங்களூரை எடுத்துக்கொள்ளலாம். இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் பல உள்ள நகரம். கேரளத்திலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள். புறநோயாளிகளாக வருபவர்களோ துளு, கன்னடம், கொங்கணி, பியாரி பேசுபவர்கள். சில வாரங்களில் மாணவர் ஒரு சிறு சொற்களஞ்சியத்தைச் சேர்த்துவிடுகிறார்: எத்தி (தூக்குங்கள்), மடச்சி (மடக்குங்கள்), ‘நோவு இதெயா’ (வலி இருக்கிறதா). இதில் தமிழ் மாணவருக்கு மட்டும் தனியாக ஒரு பொறி இருக்கிறது. கன்னடத்தில் ‘பிடி’ என்று காதில் விழுவது நம் ‘விடுங்கள்’. பிடிப்பதற்கு அங்கே ‘ஹிடி’. ஒலி மாற்ற விதியை வகுப்பில் படித்தவருக்குக் கூட, நோயாளியின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போது அது நினைவுக்கு வருவது கடினம்.

கவனிக்க வேண்டியது, இந்தச் சிறு மொழியால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடிவதில்லை என்பதை. இருபது ஏவல் வினைகளும் ஒரு கேள்வியும் இருந்தால் ஒரு பயிற்சியைச் செய்யவைத்துவிடலாம். ஏன் அதைச் செய்ய வேண்டும் என்று விளக்க முடியாது. நேற்று ஏன் செய்யவில்லை என்று, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், கேட்க முடியாது. ‘இப்படிச் செய்தால் ஏதாவது பிய்ந்துவிடுமோ’ என்ற அச்சத்தை நோயாளி தம் மொழியில் சொன்னால் அது புரியவும் புரியாது. ஏவல் மட்டும் உள்ள மொழியில் காரணத்துக்கும் நிபந்தனைக்கும் ஐயத்துக்கும் இடமில்லை. கல்வி என்று பெயர் பெறுவதெல்லாம் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

தாய்மொழி பொதுவாக இருக்கும் இடத்திலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. வட இந்திய நகரம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் மருத்துவரும் நோயாளியும் இந்தியிலேயே பேசிக்கொள்வதாகக் கொள்வோம். இந்தியில் ஏவலுக்குப் பல வடிவங்கள் உண்டு. ‘கீஜியே’ என்பது இப்போதே, இங்கேயே செய்வதற்கான மரியாதை ஏவல். ‘கர்னா’ என்பது வினையின் பெயர் வடிவம். அதுவே பிற்பாடு செய்ய வேண்டியதற்கான ஏவலாகவும் வரும். கட்டிலில் படுத்திருக்கும் வரை ‘மோடியே, ரோகியே, சோடியே’ (மடக்குங்கள், நிறுத்துங்கள், விடுங்கள்) என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் ஏவல் கிடைக்கிறது. எழுந்து செருப்பைப் போடும்போது எல்லாம் ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது: ‘கர் பர் தின் மேன் தீன் பார் கர்னா’ (வீட்டில் நாளைக்கு மூன்று முறை செய்யுங்கள்). அரை மணி நேரம் துண்டு துண்டாக நடத்தப்பட்ட ஒன்றை நோயாளி தனியே முழுதாக நடத்த வேண்டும் என்ற பொறுப்பு அந்த ஒரு ‘கர்னா’வில் கைமாறுகிறது. தமிழ் மருத்துவமனைகளில் ‘மடக்குங்க, அப்படியே வச்சிருங்க, விடுங்க’ என்று போய், கடைசியில் ‘வீட்ல செய்யணும், என்ன?’ என்று முடிவதும் இதே வடிவம்தான்.

நடுவில் வரும் ‘ரோகியே’ தனியாகச் சிந்திக்கத் தக்கது. ஆங்கிலப் பாடநூல் சொல்வது ‘அந்த நிலையிலேயே தசையை இறுக்கி வை’ என்று. இந்தியில் அதே வினை மூச்சை அடக்குவதற்கும் வழங்குகிறது. இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினால் அது நல்லதில்லை. அனுபவமுள்ளவர்கள் உடனே ‘மூச்சை நிறுத்தாதீர்கள்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். வாய்விட்டு எண்ணவைத்தால் மூச்சு தானாக ஓடும் என்பதையும் அறிந்திருக்கிறார்கள். இவை நூலில் வாசித்த அறிவு இல்லை. நாள்தோறும் நோயாளிகளோடு பேசிப் பேசிச் சேர்த்த அறிவு. அதை எழுதி வைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஒரு வழியும் இல்லாததால் ஒவ்வொரு மாணவரும் அதை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நோயாளியின் பேச்சிலும் இலக்கணம் ஒரு செய்தியைச் சொல்கிறது. இந்தி பேசுபவர் ‘பிசியோ கர்வா ரஹா ஹூம்’ என்கிறார். ‘கர்வானா’ பிறவினை: பிறரைக் கொண்டு செய்வித்துக்கொள்வது. வண்டியைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கும் முடி வெட்டிக்கொள்வதற்கும் அதே வினைதான். தமிழில் ‘பிசியோ எடுக்கிறேன்’, ‘பிசியோ குடுக்கிறாங்க’. ஊசி போல, கஷாயம் போல, ஒருவர் கொடுக்க மற்றவர் எடுத்துக்கொள்ளும் பொருளாகப் பயிற்சி ஆகிவிடுகிறது. ‘கரண்ட் வைத்தார்கள்’ என்றால் சிகிச்சை நடந்தது. ‘நாலு எக்சர்சைஸ் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்’ என்றால் நடக்கவில்லை. இந்த ‘அவ்வளவுதான்’ என்பதைக் கேட்டு நோயாளியை நொந்துகொள்வதில் பயனில்லை. ரசீதைப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்: மின் சிகிச்சைக்கு ஒரு வரி, ஒத்தடத்துக்கு ஒரு வரி, இழுவைக்கு ஒரு வரி. பேசியதற்கு வரி கிடையாது.

இது பணம் சார்ந்த சிறு விஷயம் என்று ஒதுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகுவலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. நோயாளிக்குத் தன் நிலையைப் புரியவைத்துத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் துணைசெய்யும் கல்வியை அது பரிந்துரைக்கிறது. பயிற்சித் திட்டங்களையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை, இழுவை, தோல்வழி மின் தூண்டல், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் தெருமுனைச் சிகிச்சை நிலையத்தின் விலைப்பட்டியலை எடுத்து இதன் அருகில் வைத்துப் பார்த்தால், கட்டணம் பெறுவனவற்றுள் பல ‘வேண்டாம்’ என்ற பக்கத்திலும், கட்டணமே இல்லாத ஒன்று ‘வேண்டும்’ என்ற பக்கத்திலும் நிற்கக் காணலாம். மின் கருவி வாங்கக் கடன் வாங்கி, வாடகை கட்டி, ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம் ஒதுக்கும் இளம் மருத்துவரிடம் போய் ‘கருவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்’ என்று சொல்வது எளிது. அவர் பேசினால் நோயாளி அடுத்த தெருவில் கரண்ட் வைக்கும் இடத்துக்குப் போய்விடுவார் என்பதும் உண்மை.

இனி பெயர்ச்சொற்களுக்கு வருவோம். தீங்கு அதிகம் இங்கேதான். முழங்கால் வலியோடு வரும் அறுபது வயது அம்மாவிடம் ‘மூட்டு தேய்ஞ்சு போச்சும்மா’ என்று சொல்லப்படுகிறது. இந்தியில் ‘கிஸ் கயா ஹை’. கூடவே ‘கிரீஸ் குறைஞ்சுடுச்சு’ என்பதும் இரு மொழிகளிலும் வழங்கும் உவமை. ‘தேய்மானம்’ என்ற சொல் தமிழில் கணக்குப் பதிவியலிலும் உண்டு. இயந்திரம் ஓட ஓட மதிப்பிழக்கும். ஓட்டாமல் வைத்தால் கொஞ்சநாள் தாங்கும். அந்த அம்மா இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவார்? நடந்தால் தேயும், படி ஏறினால் தேயும், ஆகவே உட்கார்ந்தே இருப்பது நல்லது. அவர் தர்க்கத்தில் பிழையில்லை. பிழை உவமையில் இருக்கிறது. மூட்டு வாதத்துக்கு இன்று உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது பயிற்சி. தேய்மானம் என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் ‘தினமும் நடங்கள்’ என்று சொல்லும் மருத்துவர், தம் முதல் வாக்கியத்தால் இரண்டாம் வாக்கியத்தை அழித்துவிடுகிறார்.

‘எல்4-எல்5ல கேப் இருக்கு’ என்பதும் அப்படியே. இந்தியில் ‘கேப் ஆ கயா ஹை’. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டின் உயரம் குறைவதைத்தான் பெரும்பாலும் இப்படிக் குறிக்கிறார்கள். குறைந்ததற்கு ‘இடைவெளி’ என்று எப்படிப் பெயர் வந்தது என்பது தனியே ஆராயத்தக்க புதிர். ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்பது இன்னொன்று. விலகியதைத் திரும்பத் தள்ளி உட்கார வைக்கலாம் என்று அந்த வினை தூண்டுகிறது. தள்ளி உட்கார வைக்க ஆள் தேடி நோயாளி ஊர் ஊராகப் போகிறார். முழங்காலில் தசைநார் கிழிந்தாலும் ‘ஜவ்வு’, முதுகில் வட்டு பிதுங்கினாலும் ‘ஜவ்வு’. ‘நரம்பு’ என்பதற்கு இதைவிடப் பெரிய எல்லை. உணர்வைக் கடத்துவதும் நரம்பு, காலில் சுருண்டு புடைக்கும் சிரையும் நரம்பு, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் இழுப்பதும் நரம்பு. இந்தியின் ‘நஸ்’ கிட்டத்தட்ட இதே பரப்பைக் கொண்டது. ‘நஸ் தப் கயீ ஹை’ என்று மருத்துவர் நரம்பழுத்தத்தைச் சொல்ல, கேட்பவர் குழாய் நசுங்கி இரத்தம் நின்றுபோனதாக எண்ணி அதைத் தேய்த்துத் திறக்க முயல்வதில் வியப்பில்லை. பொதுமக்களுக்கு அறிவில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது சோம்பேறித்தனம். ஒரு சொல்லின் பொருட்பரப்பு இரண்டு பேரிடம் வேறுவேறாக இருக்கிறது. அதை அறிந்திருக்க வேண்டிய கடமை, பயிற்சி பெற்ற தரப்புக்கே உண்டு.

இத்தகைய சொற்கள் விட்டுச்செல்லும் தடம் நீண்டது. முதுகுவலிக்காரர்களிடம் மருத்துவர்கள் சொன்னவை எவ்வளவு காலம் நிலைக்கின்றன என்று நியூசிலாந்தில் ஓர் ஆய்வு நடந்து 2013இல் வெளியானது. எப்போதோ ஒருவர் போகிற போக்கில் சொன்ன எச்சரிக்கை பல ஆண்டுகள் கழித்தும் குனிவதையும் தூக்குவதையும் கட்டுப்படுத்திக்கொண்டிருந்ததை அது காட்டியது. மறுபக்கம், வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், வட்டுச் சிதைவின் அறிகுறி இருபது வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. நரைமுடி போன்ற ஒன்றுக்குச் ‘சிதைவு’ என்றும் ‘தேய்மானம்’ என்றும் பெயர் சூட்டி, அந்த அறிக்கையை நெகிழியுறையில் போட்டு நோயாளியின் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர் அதை வாழ்நாள் முழுதும் பீரோவில் பத்திரப்படுத்துகிறார்.

வலியைக் குறிக்கும் சொற்களின் கதை வேறு. அங்கே மொழி வளமாக இருக்கிறது, மருத்துவம் அதைப் பயன்படுத்தவில்லை. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வினாத்தொகுப்பு, வலியைப் பண்பாக விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. நேபாளத்தில் நாள்பட்ட தசை, எலும்பு வலிக்காரர்கள் தாமாகச் சொல்லும் சொற்களைத் திரட்டி 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம்மிடம்? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுரீர் என்பது, மதமதப்பு, மரத்துப்போவது. இந்தியில் சுபன், டீஸ், ஜலன், கிஞ்சாவ், ஜன்ஜனாஹட். இத்தனையும் கையில் இருக்க, மருத்துவமனையில் இரண்டே கேள்விகள்: ‘வலிக்குதா?’, ‘பத்துக்கு எத்தனை?’

இந்த வறுமை கல்வியை நேரடியாகப் பாதிக்கிறது. உறைந்த தோளுக்கான பயிற்சியில் ஓரளவு வேதனை இல்லாமல் கை உயராது. நோயாளியிடம் ‘வலிக்கும், பரவாயில்லை’ என்றால் அவர் எல்லா வலியையும் பொறுத்துக்கொள்வார். ‘வலித்தால் நிறுத்திவிடுங்கள்’ என்றால் முதல் நாளே நிறுத்திவிடுவார். ‘இழுப்பு இருக்கலாம். செய்து முடித்தபின் கொஞ்ச நேரம் கடுப்பு இருக்கலாம். குத்தல் வந்தாலோ, விரல் வரை சுரீர் என்று ஓடினாலோ நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்’ என்று சொல்லும் மருத்துவர், ஆங்கிலப் பாடநூலால் இந்த மண்ணில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் கலைச்சொல் ஒன்றுகூட இல்லை.

அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961இலிருந்து இயங்கிவருகிறது. இத்துறைக்கு இந்தியில் ‘பௌதிக் சிகித்ஸா’ என்ற பெயரும் அகராதிகளில் இருக்கிறது. அதைச் சொல்லி ஆட்டோ பிடித்தால் ஓட்டுநர் எங்கே கொண்டுபோய் விடுவார் என்று சொல்வதற்கில்லை. நூலுக்குக் கலைச்சொல் ஆக்கும் உழைப்பைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மருத்துவமனைக் கட்டிலருகே வேண்டியிருப்பது புதுச் சொல்லாக்கம் இல்லை. இருக்கும் சொற்களின் பொருட்பரப்பை அறிந்து, எதைச் சொல்லலாம், எதைத் தவிர்க்கலாம், எங்கே விளக்கம் சேர்க்க வேண்டும் என்ற தெளிவு அங்கே வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, நன்றாகப் பேசிவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று யாரேனும் எண்ணினால் அவர்களைத் தடுத்து நிறுத்தும் இரண்டு ஆய்வுகள் உண்டு. முதலாவது ஆஸ்திரேலியாவில் நடந்து 2019இல் அச்சேறியது. திடீர் முதுகுவலிக்காரர்கள் 202 பேரில் ஒரு சாராருக்கு வலியைப் பற்றிய விரிவான கல்வி, இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் தரப்பட்டது. மறு சாராருக்கு அதே நேர அளவில், எந்தத் தகவலும் தராமல், அவர்கள் சொல்வதைக் கவனத்தோடு கேட்பது மட்டும் நடந்தது. மூன்று மாதம் கழித்து வலியின் அளவில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. தகவலைக் கொட்டுவதே கல்வி என்று நம்புகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. கேட்பதற்கும் சிகிச்சையில் பங்குண்டு என்று இதிலிருந்து ஊகிக்கலாம். திடீர் முதுகுவலி பெரும்பாலும் தானாகவே குறையும் என்பதும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது ஆய்வு இந்தியாவுக்கு மிக நெருக்கமானது. பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தரப் போதிய ஆட்கள் இல்லாத நாட்டில், குடும்பத்தினருக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்பது அதன் கேள்வி. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். மருத்துவமனையில் இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி தரப்பட்டது. வீட்டுக்கும் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். முடிவு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற பிரிவில் 47 விழுக்காடு. வழக்கமான கவனிப்புப் பிரிவிலும் 47 விழுக்காடு.

இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நோயாளிக் கல்வியை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை. சொல்லிக்கொடுத்தல் தேர்ந்த கைகளுக்கு மாற்றாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே உடைந்திருக்கிறது. உடைந்ததும் நல்லதற்கே என்று தோன்றுகிறது. ஏனெனில் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வசதியான நழுவல் ஒளிந்திருந்தது. ‘குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம்’ என்று சொல்லி, மாவட்ட மருத்துவமனையில் பணியிடத்தை நிரப்பாமல் விட்டுவிடலாம். அந்தக் ‘குடும்பத்தினர்’ யார் என்று பார்த்தால் பெரும்பாலும் மனைவி, மருமகள், மகள். கல்வி என்ற பெயரில் ஒரு முழுநேர வேலை சம்பளமில்லாமல் அவர்கள் தோளில் இறங்குகிறது.

பெண் நோயாளிகளுக்கும் இதே கதை. ‘பத்துப் பத்து, மூணு செட், மூணு வேளை’ என்று பயிற்சி மாத்திரைக் கணக்கில் எழுதித் தரப்படுகிறது. ஐந்து பயிற்சி என்றால் நாளைக்கு 450 அசைவு. விடியுமுன் எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி சமைக்கும் பெண்ணுக்கு அந்த மூன்று வேளையும் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் அரிது. தாளில் உள்ள படங்களில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்கார ஆண் உயர்ந்த கட்டிலில் படுத்திருக்கிறார். அவரிடம் மருமகளோ மாமியாரோ இருப்பதாகத் தெரியவில்லை. அதே தாளின் அடியில் ‘தரையில் உட்காராதீர்கள்’ என்ற வரி. சாப்பாடு, பூசை, தொழுகை, காய் நறுக்குதல், கழிவறை என்று பாதி வாழ்க்கை தரையில் நடக்கும் வீட்டில் அந்த ஒரு வரிக்கு விலை என்ன என்று எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். எத்தனை நாளைக்கு உட்காரக் கூடாது, எப்போது மறுபடி பழகலாம், எழும்போது எதைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும் என்று பேசுவதுதான் கல்வி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவெளியிலும், குதிகாலை உயர்த்தி நிற்பதை அடுப்படியிலும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல அந்தப் பெண்ணின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள அவரைப் பேசவிட வேண்டும்.

மருத்துவத் தகவலில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிக்கு உடனே மறந்துவிடுகிறது என்று 2003இல் வெளியான ஒரு கட்டுரை தொகுத்துக் கூறியது. நினைவிலிருப்பதிலும் ஏறக்குறைய பாதி பிழையாக இருக்கிறதாம். எனவே சொன்னதைத் திரும்பச் சொல்லவைத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. நடைமுறையில் அது ‘புரிஞ்சுதா?’ என்று சுருங்கிவிடுகிறது. ‘புரிஞ்சுதுங்க’, ‘ஹாம் ஜி’ என்ற பதில்கள் மரியாதையின் பாற்பட்டவை. படித்தவர் முன்னால், வரிசையில் இன்னும் முப்பது பேர் காத்திருக்கையில், புரியவில்லை என்று சொல்வது நம் சமூகத்தில் ஒருவகை அவமதிப்பு. அந்த ஆம் என்பதைப் புரிதலுக்குச் சான்றாகக் குறிப்பேட்டில் பதிவதை எந்த மொழியியல் மாணவரும் ஏற்கமாட்டார்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019 முதல் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி வந்தது. வேற்று மாநிலத்தவர் வட்டார மொழி கற்பது அதில் ஒரு பகுதி. நடைமுறை எப்படியிருந்தாலும் கொள்கையளவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. இயன்முறை மருத்துவம் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆணையம் ஒன்றின்கீழ் வந்துவிட்டது. பாடத்திட்டங்கள் திருத்தி எழுதப்படும் காலம் இது. மருத்துவர்கள் மட்டும் கூடி இதை எழுதி முடித்துவிட்டால் ‘தகவல் தொடர்புத் திறன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் சேரும். கண்ணைப் பார்த்துப் பேசு, புன்னகை செய் என்று அதில் இருக்கும்.

மொழியியல் துறைகள் இதில் செய்யக்கூடியது ஏராளம், செலவும் குறைவு. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில், ஒப்புதல் பெற்று, ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்து அந்த வட்டாரத்தின் வலிச் சொற்களைத் திரட்டலாம். ‘நரம்பு’ என்றும் ‘ஜவ்வு’ என்றும் சொல்பவர்களிடம் அதைப் படமாக வரைந்து காட்டச் சொல்லலாம். இன்னொருவர் இருபது சிகிச்சை உரையாடல்களைப் பதிவுசெய்து எழுத்தில் வடித்து, ஏவலுக்கும் விளக்கத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கலாம். நோயாளி கேள்வி கேட்கத் தொடங்கி இடைமறிக்கப்பட்ட இடங்களைக் குறிக்கலாம். மறைந்துவரும் மொழிகளை ஆவணப்படுத்த மலையேறிச் செல்லும் துறை, பல்கலைக்கழக வாசலுக்கு எதிரிலுள்ள மருத்துவமனையின் மொழியை ஆவணப்படுத்தத் தெருவைக் கடக்காமல் இருப்பது விந்தை.

கடைசியாக, மாணவர் நாளைக்கே மாற்றிப் பார்க்கக்கூடிய ஒன்று. ‘புரிஞ்சுதா?’ என்பதற்குப் பதிலாக, ‘வீட்டுக்குப் போனதும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார்களே, அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்கலாம். இது தேர்வு வைப்பதுபோல் இருக்காது. வீட்டில் எப்படியும் நடக்கப்போகிற உரையாடலின் ஒத்திகைதான். அந்த அம்மா சற்று யோசித்து, ‘கால் தேய்ஞ்சிருக்காம், நடக்கக் கூடாதாம்’ என்று சொன்னால், அரை மணி நேரமாகச் சொன்னது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அவர் இன்னும் செருப்பைப் போடவில்லை. உட்காரவைத்து மறுபடி பேச நேரம் இருக்கிறது.